விங்க்ஸ் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

சிட்னியில் இருக்கிறேன். ஒரு காலத்தில் சனிக்கிழமை மதியம் யார் கூப்பிட்டாலும் "ரேஸ் முடியட்டும், வருகிறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன், அதனால் ஊரிலிருந்து பேசும் சொந்தங்களில் தொடங்கி இங்கே கோயிலில் பார்க்கும் நண்பர்கள் வரை எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது, ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

யார் இந்த விங்க்ஸ்? ஒரு குதிரையைப் போய் இப்படிக் கொண்டாட என்ன இருக்கிறது?

ஆஸ்திரேலியாவில் ஓடிய ஒரு பெண் பந்தயக் குதிரை. 2011 செப்டம்பரில் நியூ சவுத் வேல்ஸின் ஹன்டர் பள்ளத்தாக்குப் பக்கம் பிறந்தவள். 2013இல் கோல்ட் கோஸ்ட்டில் நடந்த குட்டிகள் ஏலத்தில் 2,30,000 ஆஸ்திரேலிய டாலருக்கு விலை போனாள். அந்தச் சந்தையில் இது மலைக்க வைக்கும் விலை இல்லை. ஓய்வு பெறும்போது பரிசுப் பணம் மட்டும் 2 கோடியே 60 லட்சம் டாலரைத் தாண்டியிருந்தது.

ஓடிய பந்தயங்கள் 43, வென்றவை 37. அதில் கடைசி 33 தொடர்ச்சியாக வந்தவை. 2015 மே மாதத்திலிருந்து 2019 ஏப்ரல் வரை, கிட்டத்தட்ட நான்கு வருடம், அவளை எந்தக் குதிரையும் முந்தவில்லை. கொண்டாட இது போதாதா?

அப்படியானால் முதல் ரேஸிலிருந்தே ஜெயித்துக்கொண்டுதான் இருந்ததா?

இல்லை. மேலே சொன்ன கணக்கைப் பாருங்கள், முதல் பத்து ஓட்டத்தில் வெற்றி நான்குதான். நல்ல குதிரை என்று சொன்னார்கள், மகா குதிரை என்று யாரும் சொல்லவில்லை. 2015 ஏப்ரலில் சிட்னியின் ராண்ட்விக் திடலில் நடந்த ஆஸ்திரேலியன் ஓக்ஸ் பந்தயத்தில் கஸ்ட் ஆஃப் விண்ட் என்ற குதிரையிடம் தோற்று இரண்டாவதாக வந்தாள். அதுதான் கடைசித் தோல்வி.

அடுத்த மாதம் குயின்ஸ்லாந்தில் சன்ஷைன் கோஸ்ட் கினீஸ் என்ற பந்தயம். நேர்பாதைக்குள் திரும்பும்போது கடைசிக்குப் பக்கத்தில் கிடந்தாள், முன்னால் போகிற கூட்டம் எங்கேயோ இருந்தது. அங்கிருந்து வெளிப்பக்கமாக வந்து எல்லோரையும் விழுங்கிவிட்டுப் போனாள். தொடர் வெற்றியின் முதல் ரேஸ் அதுதான். அந்த ஒளிப்பதிவை இன்று பார்த்தாலும் இவளால் எட்டிப் பிடிக்க முடியாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

குரூப் 1, லெங்த் என்றெல்லாம் பேசுகிறீர்களே, புரிகிற மாதிரி சொல்லுங்கள்.

லெங்த் என்றால் ஒரு குதிரையின் நீளம், தோராயமாக இரண்டரை மீட்டர். "இரண்டு லெங்த்தில் ஜெயித்தது" என்றால் பின்னால் வந்த குதிரைக்கும் அதற்கும் நடுவில் இரண்டு குதிரை நிற்கலாம். குரூப் 1 என்பது பந்தயங்களில் உச்சப் படி. பெரும்பாலான குதிரைகள் வாழ்நாளில் ஒரு குரூப் 1 கூட வெல்வதில்லை, ஒன்றை வென்ற குதிரையின் சொந்தக்காரர் சாகும்வரை அதைச் சொல்லிக்கொண்டிருப்பார். விங்க்ஸ் வென்றது 25. அதற்கு முன் 22 வென்ற ஹரிகேன் ஃபிளை என்ற அயர்லாந்துக் குதிரைதான் உச்சம், அதுவும் தடை தாண்டும் பந்தயக் குதிரை. 2019 மார்ச்சில் அந்த எண்ணிக்கையையும் இவள் தாண்டினாள்.

ஜெயிக்கும் என்று தெரிந்த ரேஸைப் போய் என்னத்தைப் பார்ப்பது? கிளைமாக்ஸ் தெரிந்த படம் மாதிரி இருக்காதா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்பவர்கள் யாரும் அவள் ஓடி ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை என்று உடனே தெரிந்துவிடும்.

முன்னால் பாய்ந்து, முன்னாலேயே ஓடி, முன்னாலேயே முடிக்கிற குதிரை என்றால் நீங்கள் சொல்வது சரி, இரண்டு ரேஸில் அலுத்துவிடும். விங்க்ஸ் அப்படி ஓடவில்லை. குதிரைகளை நிறுத்தி வைக்கிற தொடக்கப் பெட்டி திறந்ததும் நிதானமாக வெளியே வருவாள், கூட்டத்தின் நடுவிலோ பின்னாலோ போய் உட்கார்ந்துகொள்வாள், பாதி ரேஸுக்கு மேல் அவள் எங்கே இருக்கிறாள் என்று தேடத்தான் வேண்டும். கடைசி வளைவு வரும்போது பக்கத்தில் நிற்கிற முன்பின் தெரியாத ஆள் "ரொம்பப் பின்னால் இருக்கிறாளே" என்பார். போன ரேஸிலும் அதையேதான் சொல்லியிருப்பார். நானும் சொல்லியிருப்பேன். பிறகு கூட்டத்திலிருந்து விலகி வெளிப்பக்கம் வருவாள், வந்ததும் அவளுடைய கால்கள் மட்டும் வேறொரு தாளத்துக்கு மாறும், மற்ற குதிரைகள் சேற்றில் ஓடுகிற மாதிரி ஆகிவிடும்.

முடிவு தெரியும், ஆனால் கடைசி 300 மீட்டர் வரை கண்ணால் பார்ப்பது அந்த முடிவுக்கு நேர் எதிராக இருக்கும். நான்கு வருடமும் எங்களை இழுத்துக்கொண்டு போனது அதுதான்.

நேரில் பக்கத்தில் பார்த்தீர்களா? எப்படி இருக்கும்?

ராண்ட்விக்கில் ஓட்டத்துக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டுகிற வளையம் ஒன்று உண்டு, சுற்றிலும் படிக்கட்டு மாதிரி இருக்கைகள். அவள் ஓடுகிற நாளில் அங்கே இடம் பிடிக்க முந்தைய ரேஸையே விட்டுவிட வேண்டும். முதல் தடவை எனக்குச் சப்பென்று இருந்தது. பழுப்பு உடம்பு, கறுப்புப் பிடரி, கறுப்பு வால். உருவத்தில் பெரியவளும் இல்லை, பளபளப்பாக மிரட்டுகிற ரகமும் இல்லை. அவளுக்கு முன்னால் நடந்த ஆண் குதிரை ஒன்று கழுத்தைத் தூக்கி, வாயில் நுரை தள்ளி, பிடித்திருந்த ஆளைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டிருந்தது, யாரும் அதைப் பார்க்கவில்லை. இவள் தலையைத் தாழ்த்திக்கொண்டு, கடைக்குப் போய்ப் பால் வாங்கி வருகிறவள் மாதிரி நடந்தாள்.

நெருங்கி வந்தபோதுதான் பின்னங்கால் தெரிந்தது. ஒவ்வொரு அடிக்கும் தொடையில் ஒரு தசை எழும்பி அடங்கும், தோலுக்கு அடியில் நரம்பு கொடி மாதிரி ஓடும். குழந்தைகளைத் தோளில் தூக்கி வைத்திருந்த அப்பாக்கள், நீலமும் வெள்ளையுமாகக் கொடி பிடித்திருந்த பாட்டிமார். அவளுடைய சொந்தக்காரர்களின் பந்தய உடையின் நிறங்கள் அவை.

இவ்வளவு வேகம் எப்படி வந்தது? ஊசி கீசி போட்டார்களா?

ஜெயிக்கிற குதிரையிடமிருந்து மாதிரி எடுத்துப் பரிசோதிப்பது இங்கே வழக்கம். தொடர்ந்து ஜெயித்துக்கொண்டே இருந்தவள் தொடர்ந்து பரிசோதனைக்கும் போய்க்கொண்டே இருந்தாள் என்று அர்த்தம். அந்தச் சந்தேகத்தை அங்கேயே விட்டுவிடலாம்.

காரணம் தேடியவர்கள் அவளுடைய பாய்ச்சலைத்தான் எண்ணிப் பார்த்தார்கள். பொதுவாக ஒரு குதிரை வேகம் கூட்ட வேண்டுமானால் பாய்ச்சலை நீட்டும், நீட்டினால் எண்ணிக்கை குறையும். இவள் ஐந்து விநாடியில் சுமார் 14 பாய்ச்சல் வைத்தாள், கூட ஓடியவை 12. அதையும் ஒரே சீராக, களைப்பு ஏறுகிற கடைசிக் கட்டத்திலும் வைத்தாள். மற்றவை தளர்கிற இடத்தில் இவள் தளராததால்தான் திடீரென்று வேகம் எடுத்த மாதிரி நமக்குத் தெரிகிறது.

அப்புறம் ரத்தம். அப்பா பெயர் ஸ்ட்ரீட் கிரை. அமெரிக்காவில் 20 ஓட்டத்தில் 19 வென்ற செனியாட்டாவுக்கும் அவர்தான் அப்பா. அவளும் கடைசியிலிருந்து வந்து ஜெயிக்கிறவள்தான். ஆனால் ஸ்ட்ரீட் கிரைக்குப் பிள்ளைகள் ஏராளம், அத்தனை பேரும் இப்படி ஓடவில்லை.

காக்ஸ் பிளேட் காக்ஸ் பிளேட் என்கிறார்களே, அதில் என்ன விசேஷம்?

அக்டோபர் கடைசியில் நடக்கும் பந்தயம், 2040 மீட்டர். விங்க்ஸ் ஓடிய காலத்தில் மெல்போர்னில் மூனி வேலி என்ற திடலில் நடந்தது. வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் மட்டும் பார்த்துத்தான் சுமக்கிற எடையை முடிவு செய்வார்கள், நல்ல குதிரை என்பதற்காக யார் முதுகிலும் கூடுதல் சுமை ஏற்ற மாட்டார்கள். அதனால் யார் உண்மையிலேயே பெரிய ஆள் என்பது இங்கே தெரிந்துவிடும். அந்தத் திடலோ அப்போது சின்னது, வளைவுகள் குறுகல், கடைசி நேர்பாதை வெறும் 173 மீட்டர். பின்னாலிருந்து வருகிற குதிரைக்கு அதைவிட மோசமான இடம் கிடையாது. போதாக்குறைக்கு சிட்னியில் வலப்பக்கமாகச் சுற்றுவார்கள், மெல்போர்னில் இடப்பக்கமாக.

கிங்ஸ்டன் டவுன் என்ற குதிரை 1980, 81, 82இல் மூன்று தடவை வென்றிருந்தது. விங்க்ஸ் 2015இலிருந்து 2018 வரை நான்கு தடவை. முதல் வருடம் உள்பக்கமாக இடைவெளி பிடித்து வந்து கிட்டத்தட்ட ஐந்து லெங்த்தில் ஜெயித்தாள், திடலின் சாதனை நேரத்தோடு. மூன்றாவதாக வந்தது ஹைலேண்ட் ரீல். அதே குதிரைதான் அடுத்த வருடம் இங்கிலாந்தில் கிங் ஜார்ஜ், அமெரிக்காவில் பிரீடர்ஸ் கப் டர்ஃப் என்ற பெரிய பந்தயங்களை வென்றது. 2016இல் ஹார்ட்னெல் என்ற குதிரைக்கும் இவளுக்கும் நேருக்கு நேர் என்று வாரக்கணக்கில் பத்திரிகைகள் எழுதித் தள்ளின. வித்தியாசம் எட்டு லெங்த். வளைவு திரும்பியதும் பேச்சு முடிந்துவிட்டது. ஹார்ட்னெல் மட்டமான குதிரை என்று நினைத்துவிடாதீர்கள், பாவம், தப்பான காலத்தில் பிறந்துவிட்டது.

2017இல் ஹ்யூமிடோர் என்ற குதிரை கடைசியில் கிட்ட வந்தது, அரை லெங்த்தான். அப்படியும் 2015இல் தான் வைத்த சாதனை நேரத்தைத் தானே முறியடித்தாள். 2018இல் இங்கிலாந்திலிருந்து வந்த பென்பாட்டில் இரண்டாவது.

தோற்றுவிடும் என்று நிஜமாகவே பயந்தது எப்போது?

2017 ஆகஸ்ட், வார்விக் ஸ்டேக்ஸ், ராண்ட்விக், 1400 மீட்டர். பெட்டி திறந்தபோது இவள் வெளியே வரவே இல்லை. மற்றவர்கள் நான்கைந்து லெங்த் போன பிறகுதான் கிளம்பினாள். 1400 மீட்டரில் அதை ஈடுகட்டுவது நடக்கிற காரியமே இல்லை. வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தேன், "சரி, முடிந்தது" என்று ரிமோட்டைக் கையில் எடுத்துவிட்டேன். ஃபாக்ஸ்பிளே முன்னால் வந்து ஜெயிக்கப் போகிற நிலை. கடைசிப் பாய்ச்சலில் மூக்கு நுனி அளவுக்கு இவள் முந்தினாள். இதில் வேடிக்கை, ஃபாக்ஸ்பிளேவும் இவளும் ஒரே பயிற்சியாளர் கிறிஸ் வாலரின் லாயத்துக் குதிரைகள்.

மறு வருடத்திலிருந்து அந்தப் பந்தயத்துக்கே விங்க்ஸ் ஸ்டேக்ஸ் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். அவள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தாள், தன் பெயர் வைத்த பந்தயத்தில் தானே ஓடி ஜெயித்தாள். 2018 அக்டோபரில் மெல்போர்னின் ஃபிளெமிங்டன் திடலில் நடந்த டர்ன்புல் ஸ்டேக்ஸும் வயிற்றைக் கலக்கியது, பின்னால் மாட்டிக்கொண்டு வழி கிடைக்காமல் நின்றாள். அதைப் பற்றி முழுதாக எழுத உட்கார்ந்தால் பொழுது விடிந்துவிடும்.

ஜாக்கியின் வேலை என்ன? அது தானாகத்தானே ஓடுகிறது?

ஹியூ போமன்தான் அவளுடைய ஜாக்கி, தொடர் வெற்றிகளில் மிகப் பெரும்பாலானவை அவள் முதுகில் அவர் இருந்தபோது வந்தவை. உலகமே பார்க்கும்போது எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கடினம் என்று அவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். முன்கேள்வியில் சொன்ன வார்விக் ஸ்டேக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து லெங்த் பின்னால் விழுந்ததும் வேறொருவராக இருந்தால் அங்கேயே விரட்டியிருப்பார், விரட்டியிருந்தால் கடைசி 200 மீட்டருக்கு மூச்சு மிஞ்சியிருக்காது. போமன் ஒவ்வொரு லெங்த்தாக, அவசரப்படாமல் மீட்டார்.

வாலர் நியூசிலாந்திலிருந்து வந்து சிட்னியில் பெரிய ஆளானவர். ரேஸ் முடிந்து மைக்கை நீட்டினால் பேச்சு வராமல் கண் கலங்கிவிடுவார். வருடம் ஏற ஏற அவருக்குப் பயம்தான் கூடியது, மகிழ்ச்சி கூடவில்லை என்று முகத்திலேயே தெரியும்.

எவ்வளவு கட்டினீர்கள்? நல்ல சம்பாத்தியமாமே?

கடைசி ரேஸில் அவளுடைய விலை 1.06 டாலர். நூறு டாலர் கட்டினால் நூற்று ஆறு திரும்பி வரும். ரயிலுக்கும் ஒரு காபிக்கும் காணாது. நான் கட்டியதெல்லாம் அவள் பெயர் அச்சிட்ட சீட்டுக்காக. நிறையப் பேர் அப்படித்தான், ஜெயித்த சீட்டைப் பணமாக்காமலே வைத்துக்கொண்டார்கள். என்னுடைய சீட்டில் ஒன்று வீட்டில் எங்கோ ஒரு புத்தகத்துக்குள் இருக்கிறது, வெப்பத்தாளில் அச்சிட்டது என்பதால் இந்நேரம் வெளுத்திருக்கும்.

ஊரில் ரேஸுக்குப் போனவன் குடும்பம் நடுத்தெரு என்பார்கள். இது சூதாட்டம்தானே?

கிண்டிக்குப் போய்ச் சொத்தை அழித்த ஒரு பெரியப்பா எல்லார் வீட்டுக் கதையிலும் இருப்பார், அந்தப் பயம் பொய்யில்லை. தமிழ்நாட்டில் 1974இலேயே குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தார்கள். வழக்கு நீண்டு, 1996இல் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த விளையாட்டு, வெறும் அதிர்ஷ்டம் இல்லை என்று தீர்ப்பு சொன்னது. சட்டம் சொல்வது ஒரு பக்கம். இங்கே ஆஸ்திரேலியாவிலும் பந்தயப் பணத்தில் வீடு இழந்தவர்கள் உண்டு, கைபேசியிலேயே கட்டலாம் என்று ஆன பிறகு இன்னும் மோசம். விங்க்ஸைப் பார்க்க வந்த கூட்டத்துக்குப் பணம் இரண்டாம் பட்சமாக இருந்ததற்கு மேலே சொன்ன 1.06தான் முக்கியக் காரணம். அதை வைத்து மொத்த ரேஸ் தொழிலுக்கும் நற்சான்றிதழ் கொடுக்க மாட்டேன்.

அவ்வளவு பெரிய குதிரை மெல்போர்ன் கப்பில் ஏன் ஓடவில்லை?

இங்கே நாடே பார்க்கிற பந்தயமான மெல்போர்ன் கப் 3200 மீட்டர். விங்க்ஸின் ராஜ்ஜியம் 1400இலிருந்து 2000 சொச்சம் வரை. மேலும் அது ஹேண்டிகேப், திறமை கூடிய குதிரைக்கு முதுகில் எடையும் கூட்டுவார்கள். காக்ஸ் பிளேட் முடிந்து சுமார் பத்து நாளில் அது வந்துவிடும். நூறு மீட்டரில் ராஜாவாக இருப்பவனைப் போய் மாரத்தான் ஏன் ஓடவில்லை என்று கேட்போமா?

வெளிநாட்டில் ஒரு தடவைகூட ஓடவில்லையே. உள்ளூர்ப் புலிதானே?

நியாயமான கேள்வி, இதைக் கேட்பவர்களிடம் எனக்குக் கோபமில்லை. 2018இல் இங்கிலாந்தின் ராயல் ஆஸ்காட் பந்தய விழாவுக்குக் கூட்டிப் போவதாகப் பேச்சு இருந்தது. நீண்ட பயணமும் தனிமைப்படுத்தலும் வேண்டாம், நான்காவது காக்ஸ் பிளேட் போதும் என்று முடிவெடுத்தார்கள். ரசிகனாக எனக்கும் அது ஒரு குறைதான்.

ஆனால் வெளியூர்க் குதிரைகள் இங்கே வந்தனவே. ஹைலேண்ட் ரீல், பென்பாட்டில், கடைசி ரேஸில் இரண்டாவதாக வந்த ஜப்பானின் க்ளூகர், எல்லாம் வெளியிலிருந்து வந்தவைதான். 2018ஆம் ஆண்டுக்கான உலகத் தரவரிசையில் 130 புள்ளியோடு ஐரோப்பாவின் கிராக்ஸ்மனும் இவளும் சேர்ந்து முதலிடம். வீட்டை விட்டு நகராமலே வாங்கிய முதலிடம்.

ஃபார் லாப், பிளாக் கேவியர், விங்க்ஸ். மூன்றில் யார் பெரிய ஆள்?

இந்தக் கேள்வியை இங்கே ஒரு மதுக்கூடத்தில் கேட்டுவிட்டு நீங்கள் வீட்டுக்குப் போகலாம், சண்டை ராத்திரி முழுக்க நடக்கும். ஃபார் லாப் 1930இன் மெல்போர்ன் கப்பை வென்றது, பொருளாதார மந்தக் காலத்தில் மக்களுக்கு இருந்த ஒரே சந்தோஷம், 1932இல் கலிஃபோர்னியாவில் செத்தது. அதன் தோல் மெல்போர்ன் அருங்காட்சியகத்தில், இதயம் கான்பெராவில், எலும்புக்கூடு நியூசிலாந்தில். மூன்று ஊரும் பங்கு போட்டுக்கொண்டன. அதுவும் வென்றது 37தான், ஓடியது 51. பிளாக் கேவியர் 25 ஓடி 25உம் வென்றவள், ஆனால் குறுகிய தூர ஓட்டக்காரி. 2012இல் ராயல் ஆஸ்காட்டுக்கே போய் ஜெயித்தவள் என்பதால் முந்தைய கேள்வி அவளிடம் எடுபடாது.

என் வாக்கு விங்க்ஸுக்கு. மெல்போர்ன்காரரிடம் கேட்டால் வேறு பதில் வரும்.

கடைசி ரேஸ் அன்று அங்கே இருந்தீர்களாமே?

இருந்தேன். 2019 ஏப்ரல் 13, சனிக்கிழமை, குயின் எலிசபெத் ஸ்டேக்ஸ். மறுநாள் சித்திரைப் புத்தாண்டு, வீட்டில் வேப்பம்பூவும் மாங்காயும் வாங்கி வரச் சொல்லியிருந்தார்கள், நான் ராண்ட்விக்கில் நின்றேன். பிளாக் கேவியர் தன் கடைசி ஓட்டத்தை 2013இல் இதே ஏப்ரல் 13இல் இதே திடலில்தான் ஓடினாள். 43,000 பேருக்கு மேல் கூட்டம். எனக்கு முன்னால் உயரமான ஒருவர் தொப்பியோடு நின்றதால் ரேஸின் முதல் பாதியைப் பெரிய திரையில்தான் பார்த்தேன்.

வழக்கம் போலப் பின்னாலிருந்து வந்து ஒன்றரை லெங்த்தில் ஜெயித்தாள். மூன்றாவதாக வந்தது யார் தெரியுமா? அதே ஹார்ட்னெல். முடிந்ததும் போமன் அவளைக் கூட்டத்தின் முன்னால் மெதுவாக நடத்திக்கொண்டு வந்தார். பக்கத்திலிருந்த பெரியவர் ஒருவர் அழுதுகொண்டே சாசேஜ் ரோல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டையும் நிறுத்தவில்லை.

சாட்டையால் அடித்து ஓட வைப்பதை ரசிக்க எப்படி மனசு வருகிறது?

ஆஸ்திரேலியாவில் பஞ்சு வைத்த சாட்டைதான், கடைசி 100 மீட்டருக்கு முன் ஐந்து தடவைக்கு மேல் அடிக்கக் கூடாது என்று விதி. அந்த விதி போதும் என்று நான் சொல்ல மாட்டேன், சாட்டையே வேண்டாம் என்பவர்கள் பக்கம்தான் நான். காலொடிந்து திடலிலேயே முடிகிற குதிரைகள் இருக்கின்றன, 2020 மெல்போர்ன் கப்பில் ஆந்தனி வான் டைக் அப்படித்தான் போனது. விங்க்ஸ் ஓய்வு பெற்ற அதே 2019இன் அக்டோபரில், ஓய்வு பெற்ற பந்தயக் குதிரைகள் இறைச்சிக் கூடத்துக்குப் போவதை இங்கே தொலைக்காட்சியில் காட்டினார்கள். அதைப் பார்த்த பிறகு பழையபடி சனிக்கிழமைகளில் திடலுக்குப் போக முடியவில்லை. ஆனாலும் விங்க்ஸின் ஓட்டங்களை இன்றும் போட்டுப் பார்க்கிறேன். இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்று கேட்டால், ஒத்துப்போகவில்லை என்பதுதான் பதில்.

இப்போது எங்கே இருக்கிறது? குட்டி போட்டதா?

ஓட்டம் முடிந்ததும் இனப்பெருக்கத்துக்குப் போனாள். முதல் குட்டியை 2020இல் இழந்துவிட்டாள். பிறகு 2022இல் பியரோ என்ற ஆண் குதிரை மூலம் ஒரு பெண் குட்டி பிறந்தது. 2024 ஏப்ரலில் சிட்னி ஏலத்தில் அந்தக் குட்டி ஒரு கோடி டாலருக்குப் போனது, ஆஸ்திரேலியாவில் குட்டி ஏலத்தில் அதுவரை இல்லாத விலை. வாங்கியவர் டெபி கெபிடிஸ், விங்க்ஸின் சொந்தக்காரர்களில் ஒருவர். தன் பங்கு இருந்த குட்டியைத் தானே மற்றவர்களிடமிருந்து வாங்கிக்கொண்டார். அம்மா விலை போனது எவ்வளவுக்கு என்று முதல் பதிலில் இருக்கிறது.

சரி, பார்க்கிறேன். எந்த ரேஸிலிருந்து தொடங்குவது?

யூடியூபில் எல்லாம் கிடைக்கிறது. 2015 சன்ஷைன் கோஸ்ட் கினீஸை முதலில் பாருங்கள், அப்போது அவள் யாரென்று யாருக்கும் தெரியாது என்பதை மனதில் வைத்துக்கொண்டு. அப்புறம் 2016 காக்ஸ் பிளேட், அதற்கப்புறம் 2017 வார்விக் ஸ்டேக்ஸ். எட்டு லெங்த்தில் ஜெயித்ததைப் பார்த்த கையோடு மூக்கு நுனியில் ஜெயித்ததையும் பார்த்தால்தான் ஆளைப் புரிந்துகொள்ள முடியும். 2017 மார்ச்சில் சொதசொதவென்று நனைந்த தடத்தில் ஜார்ஜ் ரைடர் ஸ்டேக்ஸை ஏழு லெங்த்துக்கு மேல் ஜெயித்ததையும் விட்டுவிடாதீர்கள், மற்ற ஜாக்கிகளின் முகமெல்லாம் சேறு. கடைசி ரேஸைக் கடைசியில் பாருங்கள். வர்ணனையாளர் கத்துவதால் வீட்டில் மற்றவர்கள் தூங்கினால் சத்தத்தைக் குறைத்து வையுங்கள்.